குன்னூரில் சூடேறாத கார் செட்டிப்பாளையத்தில் ஏன் கொதிக்கிறது?

குன்னூரில் பல வீடுகளில் கோடையிலும் மின்விசிறி சுற்றாது. இந்தக் குளிரில் ஓடிப் பழகிய கார் எதற்கும் சூடேறுவதில்லை. சூடேறாததால், அதன் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறதா, மூடி பழுதா, விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா என்பது ஓட்டுபவருக்குக் கடைசிவரை தெரிவதும் இல்லை. அதே காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மலையிறக்கி, கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்கில் பதினோரு மணி வெயிலில் விரட்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும். எனக்கு நான்காவது சுற்றில் வந்தது. பானெட்டின் ஓரத்தில் ஆவி, மிட்டாய் வாசனை மாதிரி கூலன்ட் (எஞ்சினை ஆற்றும் திரவம்) வாசனை, அப்புறம் மீட்டர் முள் மேலே. மதியம் முழுவதும் காரை நிறுத்திவைத்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையில் இருந்துகொண்டு முதன்முறையாக டிராக்கில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்த மதியம் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதும் பலருடைய கை முதலில் போவது விங் பக்கம், அதாவது காரைத் தரையோடு அழுத்தப் பின்னால் மாட்டும் இறக்கை. பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்தால் எடுப்பாக இருக்கும். ஆனால் வேலையின் வரிசை வேறு. முதலில் எஞ்சின் சூடு, அடுத்து பிரேக் சூடு, கடைசியில்தான் விங், ஸ்பிளிட்டர் (முன் பம்பரின் அடியில் நீட்டி மாட்டும் தட்டு) எல்லாம். இதை மாற்றிச் செய்தால் காசும் போகும், எஞ்சினும் போகும்.

மலைக் கணக்கும் சமவெளிக் கணக்கும்

ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு, உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. குன்னூரில் காற்று 16 டிகிரி, கூலன்ட் 95 டிகிரி என்றால் வித்தியாசம் 79. செட்டிப்பாளையத்தில் காற்று 37 டிகிரி என்றால் வித்தியாசம் 58தான். அதாவது அதே ரேடியேட்டரின் திறனில் கால் பங்குக்கு மேல் ஒரே இறக்கத்தில் காணாமல் போகிறது. மலைக்காற்று கொஞ்சம் மெலிந்தது என்பதால் இந்த வித்தியாசம் ஓரளவு ஈடாகும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரின் குளிர்ந்த காற்று, வெயில் நேரத்துக் கோவைக் காற்றைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி குறைவு. ஆனாலும் வெயில்தான் ஜெயிக்கும். அதைவிட முக்கியமான விஷயம், மலைப்பாதையில் நாம் முழு ஆக்சிலரேட்டரில் தொடர்ந்து இருப்பது சில விநாடிகள்தான். டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அதே நிலைதான், ஓய்வே கிடையாது.

ஆகவே முதல் விதி இது: மலையில் எடுத்த வெப்ப அளவை வைத்து "என் கார் கூல்" என்று முடிவு கட்டாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

டாஷ்போர்டில் உள்ள வெப்பமானி முள்ளை நம்ப வேண்டாம். இன்றைய கார்கள் பலவற்றில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐத் தொட்டாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே தாமதம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்று வாங்குங்கள். போனில் ஒரு ஆப் போட்டால் கூலன்ட் வெப்பம், எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம், சில கார்களில் ஆயில் வெப்பம்கூட எண்ணாகவே தெரியும். பதிவு செய்து வைக்கும் ஆப்பாகப் பாருங்கள். ஓட்டும்போது போனைப் பார்க்கக்கூடாது.

முதல் முறை எதையும் மாற்றாமல், கம்பெனியிலிருந்து வந்தபடியே போங்கள். ஒரு சுற்று மெதுவாக, நான்கு சுற்று வேகமாக, ஒரு சுற்று ஆற விட்டு, பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டிக் கார்களை நிறுத்தும் இடம்) வாருங்கள். பெரும்பாலான கார்களில் கூலன்ட் 105க்குள் நின்றால் கவலையில்லை. 110 என்றால் வேகத்தைக் குறையுங்கள். 115 என்றால் அன்றைய ஓட்டம் அவ்வளவுதான். நல்ல சிந்தெடிக் ஆயில் 120 வரை தாங்கும், 130ஐ நெருங்கினால் விடுங்கள். உங்கள் காரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அன்றைய காற்றின் வெப்பத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாத குறிப்பு பிற்பாடு எதற்கும் உதவாது.

வண்டி வரம்பு தாண்டிவிட்டால் பதறி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். தண்ணீர் ஓட்டம் நின்றால் எஞ்சின் தலைப்பகுதியின் சூடு அங்கேயே தங்கிவிடும். கூலன்ட் சிந்தாத வரை, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டு மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஆவியோ தண்ணீரோ வெளியே வருகிறதென்றால் மட்டும் ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள்.

பழுது பார்ப்பதே முதல் மாடிஃபிகேஷன்

இந்தப் பகுதியில் செலவு குறைவு, பலன் அதிகம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ரேடியேட்டர் மூடியில் இருந்து ஆரம்பிக்கலாம். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடேறுவதில்லை. குக்கரில் போட்டால்தான் வேகும். ரேடியேட்டர் மூடி செய்வது குக்கர் வெயிட்டின் வேலைதான். 1.1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி, சமவெளியில் தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்கு ஏற்றிவிடும். ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடி அதை ஏற்றாது. அன்று என் காரை நிறுத்தியது இந்த ஒரு மூடிதான். புது மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே அழுத்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதிக எண் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்தால் பழைய ஹோஸ் வெடிக்கும். குக்கரைப் போலவே, சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

அடுத்து கூலன்ட். கூலன்ட் கலக்கக் கலக்கச் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும் என்பது உண்மை. பாதிக்குப் பாதி கலவை, வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டை எடுத்துப்போகும். அதனால்தான் சமவெளியில் சிலர் வெறும் தண்ணீரில் துரு தடுக்கும் மருந்து மட்டும் கலந்து டிராக்கில் ஓட்டுகிறார்கள். மலையில் இருப்பவர்கள் அதைச் செய்துவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக உறைகிறது. வெட்டவெளியில் நிற்கும் காரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து விரிந்து ரேடியேட்டரைப் பிளந்துவிடக்கூடும். 30 சதவீதம் கூலன்ட், 70 சதவீதம் சுத்திகரித்த தண்ணீர் என்ற கலவை சுமார் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். நம் குளிருக்கு அது போதும், வெயிலுக்கும் நல்லது. போர்வெல் தண்ணீர் வேண்டாம், உள்ளே உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பிறகு ரேடியேட்டரின் முகம். பம்பரைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டச் சாலைகளில் ஓடும் கார் என்றால் சில்வர் ஓக் சருகு, யூகலிப்டஸ் இலை, மழைக்கால இரவுகளில் விளக்குக்கு வந்து மோதிய அந்துப்பூச்சிகள் எல்லாம் அங்கே கம்பளி மாதிரி படிந்திருக்கும். மெல்லிய தண்ணீர் ஓட்டத்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், அப்புறம் காற்றே போகாது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அது. "சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைத் தூக்கிருங்க சார்" என்று சொல்லும் மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. தூக்காதீர்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கிறது. எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். போதாக்குறைக்கு, மலைக் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலேயே ஓடித் தேயும், பெட்ரோலும் குடிக்கும். பழுதென்றால் புதிது போடுங்கள்.

கடைசியாக எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஆயில் மாற்றும்போது கழற்றி, கிளிப் உடைந்துவிட்டது என்று திரும்ப மாட்டாமலே விட்டுவிடுவார்கள். என் காரில் அது எட்டு மாதமாக இல்லை என்பதை ஒரு நாள் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அந்தத் தட்டு சேறு படாமல் இருக்க மட்டும் வைத்ததல்ல. அது இல்லாவிட்டால் காரின் அடியில் போகும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறி நிரம்பி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றைத் தடுக்கும், முன்பக்கத்தையும் லேசாகத் தூக்கும். சூடும் காற்றியக்கமும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

காற்றுக்கு வழி காட்டுதல்

பழுதெல்லாம் பார்த்த பிறகும் சூடேறினால், உடனே பெரிய ரேடியேட்டர் விலை கேட்க வேண்டாம். பம்பரின் வாயில் நுழையும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போகிறதா என்று பாருங்கள். காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைவதைவிட, பக்கத்தில் இரண்டு விரல் அகல இடைவெளி இருந்தால் அதன் வழியாகவே ஓடிவிடும். பம்பருக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து எல்லா இடைவெளிகளையும் அடையுங்கள். மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டரின் நான்கு ஓரத்துக்கும் ஒரு புனல் மாதிரி அமையுங்கள். முதலில் அட்டைப்பெட்டியில் வெட்டி மாதிரி பார்த்துக்கொண்டால் தகடு வீணாகாது. ஓரங்களில் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பீடிங் ஒட்டினால் அதிர்விலும் இடைவெளி விழாது. வாய் சின்னதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒழுங்கான புனல் இருந்தால், ரேடியேட்டர் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு வாய்கூடப் பல கார்களுக்குப் போதும். வாயின் முன்னால் மாட்டிய கூடுதல் விளக்குகள்தான் பெரும்பாலும் வில்லன்.

நான் இந்தப் புனலைச் செய்துகொண்டு பெருமையாக மேட்டுப்பாளையத்தில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ள போறது சரிங் தம்பி, வெளிய எப்படிப் போகும்?" நான் யோசிக்காத கேள்வி அது. ரேடியேட்டருக்கு முன்னால் அழுத்தம் கூட இருப்பதோடு, பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது. எஞ்சின் அறை நிரம்பிக் கிடந்தால் முன்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தும் பயனில்லை.

இந்த அழுத்த வித்தியாசத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் போதும். கொஞ்சம் நிறத் தண்ணீரை ஊற்றி, 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, அளவுகோல் ஒட்டிக் காருக்குள் வைத்துவிடுங்கள். குழாயின் ஒரு முனை ரேடியேட்டருக்கு முன்னால், மறு முனை பின்னால். முனைகள் நேராகக் காற்றைப் பார்க்காமல், வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சுடன் இருக்கட்டும். 100 கி.மீ. வேகத்தில் காரின் மூக்கில் முட்டும் காற்றின் முழு அழுத்தமே ஏறத்தாழ 43 மி.மீ. தண்ணீர் உயரம்தான். அதில் எத்தனை மி.மீ. உங்கள் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்க்கிறோம். பலகையைக் காரின் குறுக்காக வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் முன்னே ஓடி ஏமாற்றும். நேர்ப்பாதையில், ஒரே வேகத்தில் போகும்போது போன் கேமரா பதிவு செய்யட்டும். புனல் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் எடுத்த இரண்டு படங்களை வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம், புது டயர் போட்டபோதுகூடக் கிடைத்ததில்லை.

வெளியேற்றும் வழிக்குப் பலரும் செய்வது பானெட்டில் துளை போடுவது. செய்யலாம், ஆனால் இடம்தான் எல்லாம். பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், காற்று வளைந்து ஏறும் இடத்தில் அழுத்தம் குறைவு. அங்கே துளை போட்டால் சூடான காற்றை உறிஞ்சி எடுக்கும். விண்ட்ஷீல்டின் அடியில் அழுத்தம் அதிகம். அங்கே போட்டால் காற்று எதிர்த்திசையில் உள்ளே நுழையும். பானெட்டின் பின்புறக் கீலில் வாஷர் வைத்துத் தூக்கிவிடுகிறார்களே, அது இந்தத் தவறுதான். நிற்கும்போது ஆவி வெளியேறுவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஓடும்போது கெடுக்கும். வெட்டுவதற்கு முன் அதே மட்டக் குழாயால் பானெட்டின் மேல் நான்கைந்து இடங்களில் அளந்து, குறைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்கு முன்விளிம்பில் விரல் உயரத்துக்கு ஒரு தகடு நிமிர்ந்திருந்தால் உறிஞ்சல் கூடும். நம் ஊர் மழையையும் நினைக்க வேண்டும். துளைக்கு நேர் கீழே இக்னிஷன் காயிலோ ஆல்டர்னேட்டரோ இருந்தால், ஐப்பசி மழையில் கார் வழியிலேயே நின்றுவிடும். திருகி மாட்டும் மூடி ஒன்று செய்துவைத்து, டிராக்கில் மட்டும் கழற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால்தான் தடிமனான அலுமினிய ரேடியேட்டர். ஆயில் மட்டும் சூடேறுகிறது, கூலன்ட் சரியாக இருக்கிறது என்றால் ஆயில் கூலர் போடுங்கள். அதை எஞ்சினோடு இணைக்கும் தட்டைத் தெர்மோஸ்டாட் உள்ளதாகவே வாங்க வேண்டும். சாதாரணத் தட்டு போட்டால் குன்னூர்க் காலையில் ஆயில் கெட்டியாகவே சுற்றும். கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி வைக்காமல் தனி வாயும் தனி வழியும் கொடுங்கள். ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கினால் பின்னால் இருப்பது சூடான காற்றைத்தான் குடிக்கும். டர்போ காரில் எஞ்சினுக்குள் போகும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் இதே நியாயம்தான்.

பிரேக்: மலையே கொடுக்கும் பரீட்சை

எஞ்சின் சூட்டை மறைக்கும் மலை, பிரேக் சூட்டை மறைக்காது. 1,300 கிலோ எடையுள்ள என் கார் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் கரைய வேண்டிய ஆற்றல், 120 கி.மீ. வேகத்திலிருந்து காரை 26 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சின் பிரேக்கிங்கில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். டாப் கியரில் வந்து கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும் மிதித்தால், வழியில் பர்லியார் தாண்டும்போதே பிரேக் பேட் தீயும் வாசனை வரும். டிராக்குக்குப் போகும் நாளில் இரண்டாவது, மூன்றாவது கியரில் பொறுமையாக இறங்குங்கள். பிரேக்கைப் பாதி தின்றுவிட்டு டிராக்கில் நுழையாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் பொருள். டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரி. ஆண்டில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் ஊரில், இரண்டு வருடம் மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. டிராக்குக்கு முந்தின வாரம் புது ஆயில், சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து. இதில் சிக்கனம் கூடாது. பேடும் டிராக்குக்கானதாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் பெடல் மெத்தென்று ஆகிவிட்டால் காற்றுக் குழாய் போடுங்கள். பம்பரின் கீழ் ஓரத்தில் உள்ள பனிவிளக்கு இடத்தைத் திறந்து, சூடு தாங்கும் மடக்குக் குழாயைச் சக்கரம் வரை கொண்டுபோங்கள். பல பேர் குழாயின் வாயை பிரேக் டிஸ்க்கின் முகத்தை நோக்கி வைக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ஆறினால் டிஸ்க் கோணும். டிஸ்க்கின் நடுக்கண்ணை நோக்கி வையுங்கள். உள்ளே இருக்கும் இடைத்தகடுகள் சுற்றும்போது தாங்களே காற்றை உறிஞ்சி வெளியே வீசும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிக் குழாய் டயரில் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் கட்டுங்கள். ஓட்டம் முடிந்து பிட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

இனி விங்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம் உள்ள ஒரு சாதாரண விங், 120 கி.மீ. வேகத்தில் சுமார் 23 கிலோ அழுத்தம் தரும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. 60 கி.மீ.யில் 6 கிலோகூட இல்லை. மலைப்பாதையில் 40 கி.மீ.யில் போகும்போது இரண்டரை கிலோ, ஊட்டி மார்க்கெட்டில் வாங்கும் இரண்டு முட்டைக்கோஸின் எடை. மலைப்பாதையில் விங் எதுவும் செய்யாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள சின்ன டிராக், மெதுவான வளைவுகள் அதிகம். அங்கே விங்கின் பலன் ஓரளவுதான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கி.மீ., வேகமான வளைவுகள் உண்டு. அங்கேதான் விங் தன் வேலையைக் காட்டும்.

எனவே விங் வாங்குவதற்கு முன், கார் எந்த வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். மெதுவான வளைவில் மூக்கு வெளியே போகிறதென்றால் அது டயர், சஸ்பென்ஷன் சமாச்சாரம். வேகமான வளைவில் மட்டும் பின்பக்கம் லேசாகிறதென்றால்தான் காற்றின் வேலை.

முன்பக்க ஸ்பிளிட்டரை மட்டும் தனியாக மாட்டி ஓட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கம் மட்டும் பிடிப்பு கூடினால், வேகமான வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடும். முதலில் பின் விங்கை மாட்டுங்கள். அதனால் கார் கொஞ்சம் முன்பக்கம் வழுக்கும், அது புதியவர் சமாளிக்கக்கூடிய குணம். பிறகு ஸ்பிளிட்டரைச் சேர்த்து இரண்டையும் சமமாக்குங்கள்.

விங்கைத் தாங்கும் கால்கள் டிக்கியின் மெல்லிய தகட்டில் நிற்கக்கூடாது. உள்ளே அலுமினியப் பட்டை கொடுத்து, முடிந்தால் பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்திலேயே போல்ட் போடுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை மூன்று நான்கு சின்னப் பைகளாகப் பிரித்து விங்கின் மேல் பரப்பி வைத்துப் பாருங்கள். வளைந்தால், டிக்கி அமுங்கினால், மாட்டிய விதம் போதாது. உயரம், கூரை மட்டத்துக்குச் சற்றே கீழ் அல்லது சமம். அதற்குக் கீழே காற்று கலங்கி வரும். கோணத்தைப் போனில் உள்ள சாய்வுமானியால் அளந்து, 3 டிகிரியில் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றுங்கள். 12, 15 டிகிரி தாண்டினால் பல விங்குகளின் அடிப்பக்கத்தில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். அப்புறம் காரைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை மட்டும்தான் மிச்சம்.

காற்று ஒட்டுகிறதா என்று பார்க்கக் கம்பளி நூல். தோடர் பூத்தையலில் வருவது போன்ற சிவப்பு நூல் வெள்ளைக் காரில் நன்றாகத் தெரியும். 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, மேஸ்கிங் டேப்பால் விங்கின் அடிப்பக்கம், பின் கண்ணாடி, பானெட் துளையின் பின்புறம் எல்லாம் ஒட்டி, காரில் பொருத்திய கேமராவில் படம் பிடியுங்கள். நூல் நேராகப் படுத்திருந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. பம்பரமாகச் சுற்றினாலோ முன்னோக்கித் திரும்பினாலோ பிரிந்துவிட்டது. கோணத்தை இரண்டு டிகிரி குறைத்து மறுபடி பாருங்கள். நான் மணிக்கணக்கில் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நூலில் வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும் அழகு வேறு எதிலும் இல்லை.

ஸ்பிளிட்டருக்கு 9 அல்லது 12 மி.மீ. மரைன் பிளைவுட் போதுமானது, உடைந்தால் ஒரு மாலையில் வேறு வெட்டிக்கொள்ளலாம். பம்பருக்கு வெளியே நான்கைந்து செ.மீ. நீட்டித் தொடங்குங்கள். அது முன்பக்கத்தை அழுத்துவதோடு ரேடியேட்டர் வாயில் அழுத்தத்தையும் கூட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் தரையில் உரசாமல் போகாது என்பதால், நான்கு போல்ட்டில் கழலும்படி செய்து டிக்கியில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். விங் கோணம், டயர் காற்று, புனல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று உங்களுக்கே தெரியாது.

சாலைக்குத் திரும்பும்போது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை அனுமதியில்லாமல் மாற்றுவதைத் தடுக்கிறது. 189ஆவது பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அதனால் விங், ஸ்பிளிட்டர் எல்லாம் டிராக்கில் மாட்டி டிராக்கிலேயே கழற்றும்படி அமைத்துக்கொள்வதுதான் சரி. சாதாரணக் கார் இன்சூரன்ஸ், பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளோ கோத்தகிரிச் சாலையோ உங்கள் புது பிரேக்கைச் சோதிக்கும் இடமல்ல. எதிரே வருவது தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்பாகவோ ஒரு காட்டெருமையாகவோ இருக்கலாம்.

சாயங்காலம் மலையேறுவதற்கு முன் சக்கர போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து ஒருமுறை இறுக்குங்கள், பேட் தடிமனைப் பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் முழுசாக ஆறிய பிறகு, கூலன்ட் தொட்டியில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். முந்தின நாளைவிட இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அடுத்த முறை போவதற்கு முன் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.